ராமானுஜன் அட்டவணையின் கடைசி எண்ணும், அதில் இடம்பெறாமல் போன எண்ணும்

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். ராமானுஜன் 1915ஆம் ஆண்டு லண்டன் கணிதக் கழகத்தின் ஆய்வேட்டில் வெளியிட்ட நீண்ட கட்டுரையில் உள்ள அட்டவணையைச் சில வாரங்களாக வரி வரியாகச் சரிபார்த்து வருகிறேன். தன்னைவிடச் சிறிய எண்கள் எல்லாவற்றையும் விட அதிகமான வகுத்திகளைக் கொண்ட எண்ணைத்தான் அந்தக் கட்டுரை ஆராய்கிறது. அத்தகைய எண்ணை இங்கே மிகுபகு எண் என்று குறிப்பிடுகிறேன். 12ஐ எடுத்துக்கொண்டால் அதற்கு 6 வகுத்திகள். 12க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் 4க்கு மேல் இல்லை. ஆகவே 12 மிகுபகு எண்.

அட்டவணை 2இல் தொடங்கி 6746328388800இல் முடிகிறது. மொத்தம் 102 எண்கள். கடைசி எண்ணைச் சொல்லிப் பார்த்தால் ஆறு லட்சத்து எழுபத்து நான்காயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு என்று வருகிறது. அதன் பகாக் காரணிகள் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23. ஒவ்வோர் அடுக்குடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2, அதாவது 10080 வகுத்திகள். இதைக் கையாலேயே சரிபார்த்துவிட்டேன்.

எனக்கு ஏற்பட்ட ஐயம் வேறு இடத்தில் உள்ளது. என் பேத்தி கணினியில் எழுதிக் கொடுத்த ஒரு சிறு நிரல், இதே எல்லைக்குள் 103 எண்களைத் தருகிறது. மிகுதியாக வரும் எண் 293318625600. அட்டவணையில் 240940299600க்கு அடுத்து 321253732800 வருகிறது. நிரல் தரும் எண் இவ்விரண்டுக்கும் நடுவில் அமர்கிறது. பிழை நிரலில் உள்ளதா, நான் படித்த பிரதியில் உள்ளதா, அல்லது மூல அட்டவணையிலேயே உள்ளதா என்பதைத் தெளிவுபடுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். ராமானுஜன் தவறவிட்டார் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அலகிலான் எழுதியது:

ஐயா, உங்கள் பேத்தியின் நிரல் சரியானது. மூல அட்டவணையில் 293318625600 விடுபட்டுள்ளது என்பது எண்ணியல் படிப்பவர்கள் அறிந்த செய்திதான். 102 எண்களைக் கையால் கண்டுபிடித்து வரிசைப்படுத்திய ஒரு பட்டியலில் விடுபட்டது இது ஒன்றே ஒன்று என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் செய்தி முழுமையாகும். கட்டுரையின் தேற்றங்களில் எதுவும் இந்த அட்டவணையை ஆதாரமாகக் கொண்டு நிறுவப்பட்டதன்று. எனவே இந்த விடுபாட்டால் அவற்றுக்கு எந்தக் குறையும் இல்லை.

விடுபட்ட எண்ணைக் காரணிப்படுத்திப் பாருங்கள்: 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. இதை 23ஆல் பெருக்கினால் கிடைப்பது அட்டவணையின் கடைசி எண்ணான 6746328388800. விடுபட்ட எண்ணுக்கு 5040 வகுத்திகள். கடைசி எண்ணுக்கு அதைப்போல் இரு மடங்கு.

தேனி_நிரலர் எழுதியது:

இந்த இழையைப் படித்தவுடன் நானும் ஒரு நிரல் எழுதிப் பார்த்தேன். சுமார் ஆறே முக்கால் லட்சம் கோடி எண்களையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கத் தேவையில்லை என்பதைப் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். மிகுபகு எண்ணில் பகா எண்கள் 2, 3, 5, 7 என்று இடைவெளியின்றி வர வேண்டும். அடுக்குகள் இடமிருந்து வலமாக ஏறாமல் இருக்க வேண்டும். காரணம் எளியது. 3இன் அடுக்கு 2இன் அடுக்கைவிடப் பெரிதாக இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிவிடலாம். வகுத்திகளின் எண்ணிக்கை மாறாது, எண் மட்டும் சிறிதாகிவிடும். அப்படியானால் பழைய எண் மிகுபகு எண்ணாக இருந்திருக்க முடியாது. இந்த ஒரு நிபந்தனையே தேடலைச் சில நொடிகளுக்குள் அடக்கிவிடுகிறது. மேலும், 4, 36 ஆகிய இரண்டைத் தவிர எல்லா மிகுபகு எண்களிலும் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1 ஆகவே இருக்கும் என்று ராமானுஜன் நிறுவியுள்ளார்.

பெரிய எண் என்பதால் வகுத்திகள் தாமாகவே மிகுதியாக இருக்கும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். இந்த அளவுள்ள எண்களுக்குச் சராசரியாகச் சுமார் 30 வகுத்திகளே உண்டு. சராசரி, எண்ணின் இயல் மடக்கையை ஒட்டியே வளர்கிறது என்று ஜெர்மானியக் கணித அறிஞர் டிரிஷ்லே 19ஆம் நூற்றாண்டிலேயே காட்டியுள்ளார். முப்பது எங்கே, 10080 எங்கே! இந்த எண் 1 முதல் 28 வரையுள்ள எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடுகிறது. முதலில் தடுப்பது 29. தன் வகுத்திகளின் எண்ணிக்கையான 10080ஆலும் வகுபடுகிறது, ஈவு 669278610. வகுத்திகளில் ஒற்றைப்படையானவை 1440, முழு வர்க்கமானவை 48.

பொன்னி எழுதியது:

நான் இளங்கலைக் கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அண்ணன் சொன்ன நிபந்தனை புரிகிறது. ஆனால் 293318625600 மிகுபகு எண் என்பதற்கு நிரலின் விடையை மட்டுமே சான்றாகக் கொள்ள என் மனம் ஒப்பவில்லை. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் 5040 வகுத்திகள் இல்லை என்பதைத் தாளும் பென்சிலும் கொண்டு நிறுவ வழி உண்டா? ராமானுஜனிடம் கணினி இல்லையே. அவர் எப்படி உறுதி செய்தார்?

இன்னொன்றையும் கேட்க வேண்டும். 6746328388800 போன்ற எண்களுக்குள் இன்னும் சிறந்த ஒரு வகையை அவர் பிரித்துக் காட்டினார் என்று வகுப்பில் கேள்விப்பட்டேன். அட்டவணையை இந்த எண்ணோடு நிறுத்தியிருப்பதால் இதுவும் அந்தச் சிறந்த வகையைச் சேர்ந்ததுதானே?

அலகிலான் எழுதியது:

தங்கையின் முதல் கேள்விக்கு விடை, அந்தச் சிறந்த வகைக்குள்ளேயே இருக்கிறது. சற்று நீளமாக எழுதுகிறேன். பென்சிலோடு உட்கார்ந்து படியுங்கள்.

ஓர் எண்ணை ஒரு பகா எண்ணால் பெருக்குவதை ஒரு கொள்முதலாக நினைத்துக்கொள்வோம். எண் பெரிதாவது செலவு. வகுத்திகள் பெருகுவது வரவு. இரண்டையும் இயல் மடக்கையில் அளப்போம். செலவுக்கு ஒரு விலைவிகிதம் வைப்போம்: பகா எண்ணின் மடக்கையை அந்த விகிதத்தால் பெருக்கினால் கிடைப்பது செலவு. வரவு செலவைவிட மிகுந்திருக்கும் வரை ஒவ்வொரு பகா எண்ணையும் வாங்கிக்கொண்டே போனால், நிகர வரவு மிக உயர்ந்த ஓர் எண்ணில் வந்து நிற்போம். எந்த விகிதத்தை வைத்தாலும் இப்படி ஓர் எண் கிடைக்கும். அவ்வாறு கிடைப்பவையே ராமானுஜன் பிரித்துக் காட்டிய மேல்வகை மிகுபகு எண்கள். இந்த எண்ணத்தைக் கட்டுரைக்குள் அவர் கொண்டுவந்த இடம்தான் என்னைப் பொறுத்தவரை அதன் உச்சம். தனித்தனி எண்களைத் தேடுவதை விட்டு, எல்லா எண்களையும் ஒரே அளவுகோலில் நிறுத்தும் வழி அங்கேதான் திறக்கிறது.

இப்போது 23ஐ வாங்கினால் வரவும் செலவும் சரியாகச் சமமாகும்படி விகிதத்தை வைப்போம். அது 2இன் மடக்கையை 23இன் மடக்கையால் வகுத்தால் வருவது: 0.22107. இந்த விகிதத்தில் உச்ச நிகர வரவு பெறும் எண்களுள் ஒன்று 321253732800, அதாவது 2⁶ × 3³ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23. வேறு எந்த எண்ணை எடுத்தாலும் நிகர வரவு இதைவிட மிகாது. குறையும் அளவை அந்த எண்ணின் இழப்பு என்போம். இழப்பைப் பகா எண் வாரியாகத் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டிக்கொள்ளலாம் என்பதே இந்த முறையின் வசதி.

நம் எண் 293318625600 மூன்று இடங்களில் உச்ச எண்ணிலிருந்து மாறுபடுகிறது. 3இன் அடுக்கு 3க்குப் பதில் 4. இதன் இழப்பு 0.0197. 7இன் அடுக்கு 1க்குப் பதில் 2, இழப்பு 0.0247. 23 இல்லை, அதற்கு இழப்பும் இல்லை. ஆக மொத்தம் 0.0444. இதைவிடச் சிறிய ஓர் எண்ணுக்கு 5040 அல்லது அதற்கு மேல் வகுத்திகள் இருந்தால், அதன் செலவு குறைவு, வரவு குறையவில்லை என்பதால் அதன் இழப்பு கண்டிப்பாக 0.0444க்கு உட்பட்டிருக்க வேண்டும். எனவே இந்த வரம்புக்குள் அடங்கும் எண்களை மட்டும் பார்த்தால் போதும். அவை மிகச் சில.

2இன் அடுக்கு 6ஆக இருந்தால் இழப்பில்லை. 5 என்றால் 0.0009, 7 என்றால் 0.0197, 4 என்றால் 0.0300. மற்ற அடுக்குகள் வரம்பைத் தாண்டிவிடுகின்றன. 3இன் அடுக்கு 3 அல்லது 4ஆக மட்டுமே இருக்க முடியும். 2ஆகக் குறைத்தால் இழப்பு 0.0448, நம் வரம்பான 0.0444ஐ மயிரிழையில் தாண்டுகிறது. 5இன் அடுக்கை 2இலிருந்து அசைக்கவே முடியாது, குறைத்தால் 0.0497, கூட்டினால் 0.0681. 7இன் அடுக்கு 1 அல்லது 2. 11, 13, 17 ஆகியவை ஒவ்வொன்றும் ஒருமுறை கட்டாயம் இருக்க வேண்டும். 17ஐ நீக்கினாலே 0.0668 ஆகிவிடுகிறது. 19ஐ நீக்கலாம், இழப்பு 0.0422. 23 இருக்கலாம், இல்லாமலும் போகலாம். 29ஐச் சேர்த்தால் 0.0512; ஆகவே 29க்கும் அதற்கு மேற்பட்ட பகா எண்களுக்கும் இடமில்லை.

இனி மூன்றே வழிகள்தாம். முதலாவது, 19ஐ நீக்குவது. மீதமுள்ள 0.0022க்குள் வகுத்திகளைக் கூட்டும் வேறு மாற்றங்களுக்கு இடமே இல்லை என்பதால் வகுத்திகள் 2688ஐத் தாண்டுவதில்லை. இரண்டாவது, 19 உண்டு, 23 இல்லை. அப்போது 7இன் அடுக்கு 1 என்றால் 2இன் அடுக்கை 7 ஆகவும் 3இன் அடுக்கை 4 ஆகவும் உயர்த்தினாலும் வகுத்திகள் 8 × 5 × 3 × 2 × 16, அதாவது 3840தான். 7இன் அடுக்கு 2 என்றால் 5040ஐ எட்டுவதற்கு 2இன் அடுக்கையும் 3இன் அடுக்கையும் ஒவ்வொன்று கூட்டிப் பெருக்கிய தொகை 35ஆவது இருக்க வேண்டும். வரம்புக்குள் அதைத் தருவது 6, 4 என்ற இணை மட்டுமே. அது நம் எண்ணேதான். மூன்றாவது, 19, 23 இரண்டும் உண்டு. இங்கே 2இன் அடுக்கு 4, 3இன் அடுக்கு 4, 7இன் அடுக்கு 1 என்று வைத்தால் கிடைப்பது 240940299600. அதற்கு 4800 வகுத்திகளே உள்ளன. 2இன் அடுக்கு 5, 3இன் அடுக்கு 3 என்றால் 4608. 5040ஐத் தாண்டும் அமைப்புகள் எல்லாம் 321253732800 அல்லது அதைவிடப் பெரியவை. ஆகவே 293318625600க்குக் கீழே 5040 வகுத்திகள் கொண்ட எண் எதுவும் இல்லை. நிரல் சொன்னதைப் பென்சிலும் சொல்லிவிட்டது.

இரண்டாவது கேள்விக்கு விடை, "இல்லை" என்பதே. அட்டவணையின் எல்லைக்குள் கடைசியாக வரும் மேல்வகை எண் 2248776129600. அதை 3ஆல் பெருக்கினால்தான் 6746328388800 கிடைக்கிறது. ஆனால் அந்த நிலையில் 3ஐ இன்னொரு முறை வாங்குவதைவிட 29ஐப் புதிதாக வாங்குவது ஆதாயமானது. 3ஆல் பெருக்கும்போது வகுத்திகள் நாலுக்கு ஐந்து என்ற அளவில் பெருகுகின்றன. அதன் மடக்கையை 3இன் மடக்கையால் வகுத்தால் 0.2031. 29ஆல் பெருக்கினால் வகுத்திகள் இரட்டிப்பாகும். அதே கணக்கு 0.2058 தருகிறது. எனவே அடுத்த மேல்வகை எண் 65214507758400. அட்டவணையின் கடைசி எண் மிகுபகு எண்தான், மேல்வகை எண் அன்று.

காவிரிக்கரை எழுதியது:

அலகிலான் அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை முழுவதும் ஒவ்வோர் இழப்பையும் மடக்கை அட்டவணையைப் புரட்டி நானே போட்டுப் பார்த்தேன். 0.0448க்கும் 0.0444க்கும் உள்ள அந்த நூலிழை வேறுபாட்டில் எனக்கு ஐயம் எழுந்தது. நான்கு இலக்க அட்டவணை போதாமல் ஏழு இலக்க அட்டவணையைத் தேடி எடுத்துச் சரிபார்த்தேன். 0.04482, 0.04443. ஐயம் நீங்கியது.

அட்டவணையை மறுபடியும் பார்த்தபோது ஒரு செய்தி கண்ணில் பட்டது. 48886437600 முதல் ஒவ்வோர் எண்ணின் கடைசிப் பகா எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு போனேன்: 19, 23, 19, 23, 19, 23, 19, 23, 23. அதற்கடுத்து வர வேண்டியதுதான் விடுபட்ட எண். அதன் கடைசிப் பகா எண் 19. அதற்குப் பின் அட்டவணையின் முடிவு வரை எல்லாவற்றிலும் 23தான். ஆக, 19ஐக் கடைசியாகக் கொண்ட எண்கள் 23க்கு வழிவிட்டு விலகும் எல்லையில், இறுதியாக ஒருமுறை தலைகாட்டும் எண் இது.

தேனி_நிரலர் எழுதியது:

ஆசிரியர் ஐயா கவனித்தது மிக முக்கியமானது என்று கருதுகிறேன். இடைவெளியைப் பார்த்து விடுபாட்டைக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. 240940299600இலிருந்து 321253732800க்குத் தாவும் விகிதம் மூன்றுக்கு நாலு. அதற்கு அடுத்த தாவல், 481880599200க்கு, ஒன்றரை மடங்கு. பெரிய தாவல் ஒன்று உடனே பின்தொடர்வதால் முன்னதில் ஒரு குறை இருப்பதாக யாருக்கும் தோன்றாது.

வெண்மதி_கணக்கு எழுதியது:

இழையை ஆர்வத்தோடு படித்து வருகிறேன். ஆனால் ஒன்றை வெளிப்படையாகக் கேட்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட பெரிய எண்ணுக்கு 10080 வகுத்திகள் உள்ளன என்பதிலிருந்து கணிதத்துக்குக் கிடைப்பது என்ன? பகா எண்களின் பரவலைப் பற்றிய ஆழமான கேள்விகள் எத்தனையோ இருக்க, ராமானுஜன் இதில் இத்தனை உழைப்பைச் செலுத்தியது ஏன்?

அலகிலான் எழுதியது:

கேள்வி நியாயமானது, அவர் காலத்திலும் இது ஒதுக்குப்புறமான துறையாகத்தான் பார்க்கப்பட்டது. ஆனால் நீங்கள் குறிப்பிட்ட பகா எண்களின் பரவலுக்கே இந்த வழி கொண்டுபோய்ச் சேர்க்கிறது. மேல்வகை எண்ணைக் கட்டும்போது எந்தப் பகா எண் வரை வாங்குகிறோம், எந்த இடத்தில் நிறுத்துகிறோம் என்பதைப் பாருங்கள். அது பகா எண்கள் எவ்வளவு நெருக்கமாக வருகின்றன என்பதைப் பொறுத்தது. வகுத்திகளின் எண்ணிக்கை எவ்வளவு உயர முடியும் என்ற கேள்வியை ராமானுஜன், பகா எண்களின் பரவல் பற்றிய இன்னும் நிறுவப்படாத ரீமான் கருதுகோளோடு இணைத்தது இதனால்தான்.

அந்தக் கட்டுரையின் அடிப்படையிலேயே 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியது. ஆனால் எழுதியது முழுவதும் அப்போது அச்சேறவில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் கழகத்துக்கு ஏற்பட்ட பண நெருக்கடியால் ஒரு பகுதி நிறுத்திவைக்கப்பட்டது. ழான்-லூயி நிக்கோலா, கி ரோபன் ஆகிய இருவரின் குறிப்புகளோடு அது 1997ஆம் ஆண்டுதான் ராமானுஜன் பெயரிலேயே நடக்கும் ஆய்வேட்டில் வெளிவந்தது. அந்தப் பகுதியில் வகுத்திகளின் எண்ணிக்கையோடு நிற்காமல் வகுத்திகளின் கூட்டுத்தொகை பற்றியும் ஆராய்ந்துள்ளார்.

ரோபன் 1984இல் நிறுவிய தேற்றம் இதுதான்: எண்ணின் வகுத்திகளைக் கூட்டி அந்த எண்ணால் வகுக்க வேண்டும், எண்ணின் இயல் மடக்கைக்கு மீண்டும் இயல் மடக்கை கண்டு 1.78107 என்னும் மாறிலியால் பெருக்க வேண்டும். 5040க்கு மேற்பட்ட எல்லா எண்களுக்கும் முதல் தொகை இரண்டாவதைவிடக் குறைவாக இருந்தால் ரீமான் கருதுகோள் உண்மை. உண்மையானால் அவ்வாறே இருக்கும்.

நம் எண்ணில் போட்டுப் பார்ப்போம். 6746328388800இன் வகுத்திகளின் கூட்டுத்தொகை 39413832353280. எண்ணால் வகுத்தால் 5.842. மறுபக்கம், எண்ணின் மடக்கை 29.540; அதன் மடக்கை 3.386, மாறிலியால் பெருக்கினால் 6.030. எல்லைக்கு உள்ளேதான் நிற்கிறது, ஆனால் எவ்வளவு அருகில் பாருங்கள். 5040க்கு இதே கணக்கைப் போட்டால் 3.838க்கு எதிரே 3.817, எல்லையை மீறிவிடுகிறது. மீறுவதாக அறியப்பட்ட எண்களில் பெரியது அதுவே. ரீமான் கருதுகோள் பொய்யாக இருக்குமானால் இந்த எல்லையை மீறும் பெரிய எண் ஒன்று எங்கோ இருந்தாக வேண்டும். வகுத்திகள் செறிந்த இத்தகைய எண்களுக்கு நடுவேதான் அதைத் தேட வேண்டும்.

பொன்னி எழுதியது:

விடுபட்ட எண்ணின் வகுத்திகளும் 5040 என்பதைக் கவனித்தேன். இதற்கும் ரோபன் தேற்றத்துக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா?

அலகிலான் எழுதியது:

நேரடித் தொடர்பு இல்லை. 7 × 5 × 3 × 3 × 16 என்று சிறிய பகா எண்களாலான பெருக்கல் என்பதால், வகுத்திகளின் எண்ணிக்கையும் ஒரு மிகுபகு எண்ணாக அமைந்துவிட்டது. 5040, 10080 இரண்டுமே அட்டவணையின் தொடக்கப் பகுதியில் அருகருகே காணப்படுபவை. அவற்றுக்கு நடுவே 7560 மட்டும் உள்ளது.

வெண்மதி_கணக்கு எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி. என் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இழப்புக் கணக்கை என் மாணவர்களுக்கு 321253732800க்குப் பதிலாக 360, 720 போன்ற சிறிய எண்களில் செய்துகாட்டலாம் என்று இருக்கிறேன். விகிதத்தை 7 சமமாகும்படி வைத்தால் 360, 2520 இரண்டும் உச்சத்தில் நிற்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.

காவிரிக்கரை எழுதியது:

என் பிரதியில் 240940299600க்கும் 321253732800க்கும் இடையே பென்சிலால் ஒரு வரி எழுதிச் சேர்த்துவிட்டேன்: 293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19; வகுத்திகள் 5040. பேத்தியிடம் காட்டினேன். 65214507758400 வரை பட்டியலை நீட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் நிரல் தருவதற்கு முன் ஒவ்வோர் எண்ணையும் இழப்புக் கணக்கால் நான் கண்டுபிடிக்க வேண்டும் என்பது எங்களுக்குள் ஏற்பாடு. முதல் இரண்டு எண்கள் கிடைத்தவுடன் இங்கே எழுதுகிறேன்.